முதியோர் குடியிருப்பும் பெருந்தொற்றும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கோவிட்-19 தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2023 மே 5 அன்று. ஆனால் வைரஸ் அந்த அறிவிப்போடு விடைபெற்றுப் போய்விடவில்லை என்பது ஓய்வுக்கால குடியிருப்புகளில் வாழ்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுந்த சில கேள்விகளுக்கு முதியோர் நல மருத்துவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் குழுவின் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். தொற்று பரவுகிறது என்று கேள்விப்பட்டதுமே கைப்பிடிகள், லிஃப்ட் பொத்தான்கள், கதவுத் தாழ்ப்பாள்கள் அனைத்தையும் நாளுக்கு நான்கு முறை கிருமிநாசினியால் துடைக்க ஏற்பாடு செய்தோம். பொதுக் கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். அப்படியிருந்தும், மாலைக் கூட்டுப் பாடலுக்கு வந்த 18 பேரில் 11 பேர் ஒரே வாரத்தில் படுத்துவிட்டார்கள். எங்கே தவறினோம்?

பதில்: உங்கள் உழைப்பில் தவறில்லை, ஐயா. அது போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை. நீங்கள் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வைரஸ் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. இதற்காக உங்களைக் குறை சொல்லவும் முடியாது. கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று 2020 மார்ச் 28 அன்று சமூக ஊடகத்தில் திட்டவட்டமாக அறிவித்ததே உலக சுகாதார நிறுவனம்தான். பின்னர் அது தன் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தொடக்ககால அறிவுரையின் பழக்கம் பல குடியிருப்புகளில் துடைக்கும் துணியாக இன்னும் மிஞ்சியிருக்கிறது.

உங்கள் கூட்டுப் பாடலைப் போலவே ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழுவைச் சேர்ந்த 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒரே கூடத்தில் பாடிப் பழகினார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே நோய் அறிகுறிகள் இருந்தன. அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் 2020 ஜனவரி 24 அன்று அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து உண்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. ஜன்னல் இல்லாத அந்தத் தளத்தில், ஏசி எந்தத் திசையில் காற்றை வீசியதோ அந்த வரிசையில் இருந்த மேசைகளுக்குத்தான் நோய் போனது, பரிமாறியவர்களுக்கு வரவில்லை. அசுத்தமான ஒரு பரப்பை ஒரு முறை தொடுவதால் கோவிட் தொற்றும் வாய்ப்பு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கூறியது. எனவே துடைப்பதை நாளுக்கு ஒரு முறையாகக் குறைத்துக்கொண்டு, அந்த ஆட்களைக் காற்றோட்டப் பணிக்குத் திருப்புங்கள்.

முதலில் ஒரு மெல்லிய காகிதக் கீற்றை எடுத்து, கூடத்தின் ஜன்னல்களிலும் வாசலிலும் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் உள்நோக்கியும் எதிர்ப்பக்கம் வெளிநோக்கியும் கீற்று சாய்ந்தால் காற்று குறுக்கே ஓடுகிறது என்று பொருள். எங்கே பிடித்தாலும் அசையாமல் தொங்கினால், மேலே மின்விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அது பழைய காற்றையே கலக்கிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட கூடத்தில் ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் மின்விசிறி பொருத்தி, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். கரியமில வாயுவை அளக்கும் சிறிய கருவி ஒன்று வாங்கினால் விவாதமே இல்லாமல் முடிவெடுக்கலாம். திறந்தவெளிக் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு என்று காட்டும் அந்தக் கருவி, ஆட்கள் நிறைந்த கூடத்தில் 800ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் கணிசமாக இழுக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திறக்கவே வழியில்லாத அறைகளில் மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். அது கரியமில வாயுவைக் குறைக்காது என்பதால், அந்த அறையில் கருவியின் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கூட்டுப் பாடலை நிறுத்திவிடாதீர்கள். தொற்று அலை ஓயும் வரை அதைக் கூரையில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். நேரத்தையும் பாதியாகக் குறையுங்கள். துடைப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளீச்சிங் கரைசலை அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தோடு சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். அந்த வாயு முதியவர்களின் நுரையீரலுக்கு வைரஸுக்குச் சற்றும் குறையாத எதிரி.

கேள்வி: என் கணவருக்கு வயது 81. நேற்று முதல் பேச்சில் தொடர்ச்சி இல்லை. எந்த நாள் என்று கேட்டால் தடுமாறுகிறார். இன்று காலை குளியலறையில் விழுந்தார். காய்ச்சலோ இருமலோ இல்லை. விரைவுப் பரிசோதனையிலும் தொற்று இல்லை என்றே வந்தது. மறதி நோயின் தொடக்கம்தான் இது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, இந்த வரிகளை அச்சில் படிக்கும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லும்படி உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பிவிட்டோம். மற்ற வாசகர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். மறதி நோய் மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். ஒரே நாளில் வந்து இறங்கும் மனக்குழப்பத்தை டெலிரியம் என்கிறோம். உடலில் எங்கோ தொற்று, நீர் வறட்சி, ஆக்சிஜன் குறைவு அல்லது மருந்தின் பக்கவிளைவு இருக்கிறது என்பதற்கு மூளை அடிக்கும் மணி அது. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, கோவிட் உறுதியான 817 முதியவர்களை ஆராய்ந்தபோது 226 பேருக்கு டெலிரியம் இருந்தது. அந்த 226 பேரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறிகள் எதுவும் இல்லை.

நான் பார்த்து வந்த ஒரு பெண்மணி நாள்தோறும் காலையில் குறுக்கெழுத்துப் புதிரை முடித்த பிறகுதான் யாரோடும் பேசுவார். ஒரு நாள் பென்சிலைக் கையில் பிடித்தபடி, ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் அதைக் கவனித்து அலுவலகத்தில் சொன்னார். உடல் வெப்பம் 98 டிகிரி என்பதால் அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. மாலையில் அவருடைய ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்கு வந்திருந்தது. அன்று சரியான நோயறிதலைச் செய்தவர் துடைப்பம் ஏந்திய அந்தப் பெண் ஒருவர்தான்.

வயதானவர்களின் இயல்பான உடல் வெப்பமே இளையவர்களுடையதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் நலமாக இருக்கும் நாட்களில் காலை வெப்பத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும் சரி, தமக்கு வழக்கமான அளவிலிருந்து 2 டிகிரி கூடினாலும் சரி, அது காய்ச்சலே. விரைவுப் பரிசோதனையைப் பொறுத்தவரை, ஒரு முறை இல்லை என்று வந்ததை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். காரணமின்றி விழுதல், உணவை ஒதுக்குதல், பகலெல்லாம் உறங்குதல், கட்டுப்பாட்டில் இருந்த சிறுநீர் திடீரெனக் கைமீறுதல் ஆகிய நான்கையும் தொற்றுக் காலத்தில் காய்ச்சலுக்குச் சமமான அறிகுறிகளாகவே நான் நடத்துகிறேன்.

கேள்வி: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒரு நிமிடம் 91 என்கிறது, மறு நிமிடம் 97 என்கிறது. எதை நம்புவது?

பதில்: அவசரப்பட்டு எடுத்த அளவை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடம் அமர்ந்து, கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அகற்றி, கையை மேசைமேல் மார்பின் உயரத்தில் வைத்துக் கருவியை மாட்டுங்கள். எண் ஒரே இடத்தில் நிலைத்து நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆகவே ஒற்றை எண்ணைவிட, நாளுக்கு நாள் அது இறங்குகிறதா என்பதே முக்கியம். வழக்கமாக 98 இருப்பவருக்கு 94 வந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களின் கணக்கு வேறு. உங்கள் எல்லை எது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாயார் வசிக்கும் குடியிருப்பில் தொற்று வந்ததும் நிர்வாகம் ஆறு வாரம் யாரையும் அறையை விட்டு வெளியே விடவில்லை; உணவையும் கதவருகே வைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்குத் தொற்று வரவில்லை. ஆனால் அதற்கு முன்பு துணையின்றி நடந்தவர் இன்று நாற்காலியிலிருந்து எழவே இருவர் பிடிக்க வேண்டியிருக்கிறது. “உயிரைக் காப்பாற்றினோமே” என்கிறது நிர்வாகம்.

பதில்: உங்கள் தாயார் இழந்தது சிறிதல்ல, அதை நிர்வாகம் கணக்கில் எழுதவே இல்லை என்பதுதான் என் வருத்தம். உடல்நலமுள்ள முதியவர்கள் 12 பேரைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு கரைந்திருந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள். அறைக்குள் அடைபடுவது முழுப் படுக்கையாகாது என்றாலும், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் கழிவறைக்கும் இடையிலான பதினைந்து அடிகளில் ஆறு வாரம் கழித்தால் தசை போகும், சமநிலை போகும், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றும். கதவு திறக்கிற நாளில்தான் முதல் இடுப்பெலும்பு முறிகிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை தாழ்வாக இருந்தால் கெட்டியான மெத்தை ஒன்றை வைத்து உயர்த்துங்கள். அம்மா இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் குனிந்து, பிறகு எழ வேண்டும். எழ முடியாதவர்களில் பாதிப் பேர் குனியாமல் நேராக மேலே எழப் பார்ப்பவர்கள். குனிந்தால் உடல் எடையே தூக்கிவிடும். முதல் வாரம் ஒரு வேளைக்கு மூன்று முறை, நாளுக்கு மூன்று வேளை போதும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும், ஏனென்றால் தொடைத் தசை வலுப்பெறுவது அந்த இறக்கத்தில்தான். உணவில் புரதம் குறைந்திருந்தால் இந்தப் பயிற்சி வீணாகும்; அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இயன்முறை மருத்துவர் ஒருவர் நேரில் வந்து தொடங்கிவைப்பது நல்லது.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. தொற்று உறுதியானவரைத் தனிமைப்படுத்துவது வேறு, எல்லோரையும் அடைத்து வைப்பது வேறு. ஒவ்வொரு தளத்தையும் ஒரு சிறு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, நாளுக்கு இரண்டு முறை திறந்தவெளியில் நடக்க விட்டிருக்கலாம். ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் குடும்பத்திலிருந்து ஒருவரை முறைப்படி பதிவு செய்து, பொருத்தமான முகக்கவசத்தோடு அவரை உள்ளே அனுமதித்திருக்கலாம். மறதி நோய் உள்ளவரின் தாடையைத் தட்டிச் சாப்பிட வைக்கத் தெரிந்த மகளைப் பார்வையாளர் என்று வகைப்படுத்தி வாசலில் நிறுத்துவது எனக்கு ஏற்புடையதல்ல. அவரும் பராமரிப்பாளரே.

கேள்வி: பணியாளர்கள்தான் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவருகிறார்கள். அவர்களை இங்கேயே தங்க வைத்துவிட்டால் என்ன என்று எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் பேசுகிறார்கள்.

பதில்: பணியாளர்கள் வழியாக வருவது உண்மை, நம்மைப் பார்க்க வரும் பிள்ளைகள் வழியாகவும், திருமணங்களுக்குப் போய்வரும் நம் வழியாகவும் வருவது அதே அளவு உண்மை. 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநில முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பரிசோதிக்கப்பட்ட 76 பேரில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்குப் பரிசோதனையின்போது எந்த அறிகுறியும் இல்லை. வாசலில் நெற்றியில் வெப்பமானியைக் காட்டி வடிகட்டிவிடலாம் என்ற நம்பிக்கை இந்த எண்களோடு முடிந்துபோயிற்று.

பிழைப்புக்காக ஒரே பணியாளர் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்ப்பதுதான் நோயை இல்லத்துக்கு இல்லம் கொண்டுபோகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2020 மார்ச்சிலேயே ஒருவருக்கு ஓர் இல்லம் என்று கட்டுப்படுத்தியது. ஓரிடத்து ஊதியத்தில் வாழ முடிந்தால்தான் அந்த விதி நிற்கும். அதுபோலவே, காய்ச்சலோடு வீட்டில் இருக்கும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கிறீர்கள் என்றால், காய்ச்சலை மறைத்து வேலைக்கு வா என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். உங்கள் கூட்டத்தில் நிறைவேற்ற ஒரே ஒரு தீர்மானம்தான் உண்டென்றால் அது சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பாக இருக்கட்டும். என்95 முகக்கவசத்தையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். நாள் முழுவதும் அதை அணிந்து தூக்கி, குளிப்பாட்டி, பெருக்குகிறவர்களுக்கு இடையில் காற்றோட்டமான இடத்தில் கழற்றி மூச்சுவிட நேரமும் கொடுங்கள். ஆட்களைக் குடியிருப்பிலேயே பூட்டி வைக்கும் யோசனையை இதற்கு மேல் பேச விரும்பவில்லை.

கேள்வி: எனக்குக் காது மந்தம்; உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். எல்லோரும் முகக்கவசம் அணிந்தால் நான் தீவு ஆகிவிடுகிறேன்.

பதில்: பெரிய எழுத்தில் எழுதிக் காட்டச் சிறிய பலகையும் பேனாவும் வைத்திருங்கள். பேச்சை எழுத்தாக்கும் வசதி பல கைபேசிகளில் இருக்கிறது. திறந்தவெளியில், ஆறடி தள்ளி நின்று, அவர்கள் கவசத்தைக் கழற்றிப் பேசலாம். கவசத்தின் நாடாவோடு சேர்ந்து காதொலிக் கருவி கழன்று விழுந்து தொலைவது சாதாரணமாக நடக்கிறது. தலைக்குப் பின்னால் கட்டும் வகையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எனக்கு வயது 88. இந்த வயதில் தடுப்பூசி எதற்கு? வாழ்ந்தாயிற்று.

பதில்: வாழ்ந்தாயிற்று என்று சொல்பவர்களைப் பெரும்பாலும் மூச்சுத்திணறலின்போது சந்திக்கிறவன் நான். அப்போது அவர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். பரிசோதனைகளுக்கு வெளியே ஃபைசர் கோவிட் தடுப்பூசியை உலகில் முதலாவதாகப் பெற்ற மார்கரெட் கீனனுக்கு அன்று, 2020 டிசம்பர் 8 அன்று, வயது 90. முதுமையில் நோய் எதிர்ப்பாற்றல் தளர்வதால் ஒரு தவணையின் பலன் இளையவர்களைவிட விரைவாகத் தேய்கிறது. ஊக்கத் தவணை கேட்கப்படுவது அதனால்தான். இன்ஃபுளுவென்சா தடுப்பூசியிலேயே 65 வயது கடந்தவர்களுக்கென நான்கு மடங்கு வீரியமுள்ள வகை உண்டு. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசியையும் சேர்த்து, எது எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தொற்று வந்ததும் உடனே விழுங்கவென்று ஸ்டீராய்டு மாத்திரைகளை நண்பர் ஒருவர் வாங்கித் தந்திருக்கிறார். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று 2020 ஜூனில் அறிவித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வே, ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னது. முதல் நாளிலேயே அதை விழுங்கினால் சர்க்கரை ஏறும். வைரஸோடு போராட வேண்டிய எதிர்ப்பாற்றலும் மட்டுப்படும். வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளின் நிலை நேர்மாறானது. நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்தை அறிகுறி தொடங்கிய 5 நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கொழுப்பைக் குறைக்கவும், ரத்தம் உறையாதிருக்கவும், இதயத் துடிப்பைச் சீராக்கவும் உண்ணும் மருந்துகள் சிலவற்றோடு அது மோதும்; சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவையும் குறைக்க வேண்டும். நள்ளிரவில் மருத்துவர் தொலைபேசியில் “வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்கும்போது, “ஒரு சின்ன வெள்ளை மாத்திரை” என்ற பதிலால் அவருக்குப் பயனில்லை. மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, கடைசி சிறுநீரகப் பரிசோதனை முடிவு, முடிவெடுக்கும் நிலையில் நீங்கள் இல்லாவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பது ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், பதினோரு ஆண்டுகளாக மாலையில் சீட்டு விளையாடுகிறோம். பணம் வைப்பதில்லை. தொற்று அலை வரும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் தடுக்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? சீட்டுகளைக் கிருமிநாசினியால் துடைத்தால் போதுமா?

பதில்: விளையாடுங்கள், ஐயா. அதே நால்வர் மட்டும், மூடிய அறையில் அல்லாமல் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ, காற்று உங்கள் மேசையைக் கடந்து போகும்படி உட்காருங்கள். தொண்டை கரகரப்பவரோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்திருப்பவரோ அன்று வரக் கூடாது என்பதை நால்வரும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். தோற்றுக்கொண்டிருப்பவர் அதைச் சாக்காக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. வராதவரின் வீட்டுக்கு மற்ற மூவரில் ஒருவர் அன்றிரவே தொலைபேசியில் பேசி, அவர் தெளிவாகப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். சீட்டுகளைத் துடைக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் சோப்பிட்டு 20 விநாடி கை கழுவினால் போதும்.